என் வறட்சிக்கு அவர் போட்ட கையெழுத்து

உட்கார்ந்தால் எரிந்தது. அதுதான் ஆரம்பம்.

சாயப்பட்டறையில் முக்காலியில் உட்கார்ந்து பட்டு நூல் கற்றைகளை உதறிப் பிரித்துக்கொண்டிருந்தேன். புடவைக்குள் யாரோ மிளகாய்த் தூளைத் தூவியதுபோல ஒரு காந்தல். எழுந்து நின்றால் கொஞ்சம் தேவலை. நடந்தால் உரசியது. அன்று முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்தேன். "இன்னா மல்லிகா, உக்கார மாட்டேன்னு எதனா வேண்டுதலா?" என்று கூட வேலை செய்த பெண் கேலி செய்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

அப்போது எனக்கு முப்பத்தேழு வயது. ஆரணியில் தறிக்காரர்களுக்கும் பட்டு வியாபாரிகளுக்கும் நூலுக்குச் சாயம் ஏற்றித் தரும் சின்னப் பட்டறை எங்களுடையது. இதை நான் எழுதுவதற்குக் காரணம் ஒன்றுதான். எங்கோ ஒருத்தி இந்த நிமிடம் இதே எரிச்சலோடு நின்றுகொண்டே வேலை பார்த்துக்கொண்டிருப்பாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அதற்கு ஆறு மாதம் முன்புதான் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். தொண்ணூறுகளின் கடைசி. மாதத்தில் பாதி நாள் ரத்தப்போக்கு. ஸ்கேனில் ஃபைப்ராய்டு (கர்ப்பப்பைச் சதையில் வளரும் கட்டி, புற்றுநோய் அல்ல) என்று வந்தது. ஊரிலேயே ஒரு நர்சிங் ஹோமில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். "ரெண்டு புள்ள பெத்தாச்சு. இனிமே அது இன்னாத்துக்கு? எடுத்துட்டா பேஜார் வுட்டுது" என்றார் என் கணவரின் அக்கா, அம்சவேணி அண்ணி. வீட்டில் உடைந்த அம்மியைத் தூக்கிப்போடச் சொல்வதுபோலச் சொன்னார். எனக்கும் அப்போது அது சரி என்றுதான் பட்டது.

மயக்கம் தெளிந்தபோது கணவர் பக்கத்தில் இருந்தார். "கட்டியோட கர்ப்பப்பைய எடுத்துட்டாங்க. அவ்ளோதான், பயப்படாத" என்றார். அந்த 'அவ்ளோதான்' என்ற சொல்லை நான் பிறகு எத்தனை முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன் என்று கணக்கில்லை.

தலைவலி போய்த் திருகுவலி வந்த கதையாக, பத்து நாளில் இடது கால் யானைக்கால்போல வீங்கியது. ஆழ்நாள ரத்தக்கட்டு (காலின் உட்புற ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வது) என்றார்கள். வயிற்றில் ஊசி, பிறகு மாத்திரை என்று மாதக்கணக்கில் போனது. கால் வற்றியதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துப் பட்டறைக்குத் திரும்பினேன்.

அங்கே திடீர் திடீரென்று முகம் பற்றி எரியும், முதுகெல்லாம் வேர்த்து ஊற்றும். சாயத் தொட்டிகள் கொதிக்கிற இடத்தில் ஒருத்திக்கு வேர்ப்பதை யார் கவனிப்பார்கள்? நானே கவனிக்கவில்லை.

கீழே எரிந்ததைத்தான் சொல்லத் தெரியவில்லை. எங்கள் பக்கத்துப் பெண்களிடம் இடுப்புக்குக் கீழே நடப்பதற்கு இரண்டே சொற்கள் உண்டு. ஒன்று வெள்ளை, இன்னொன்று சூடு. எதுவாக இருந்தாலும் இந்த இரண்டில் ஒன்றுக்குள் அதை அடைத்துவிட வேண்டும்.

மருந்துக்கடை அக்காவிடம் போய், "வெள்ளை மாதிரி இருக்குதுங்க, எரியுது" என்றேன். வெள்ளை படவே இல்லை. ஆனால் சொல்வதற்கு வேறு வார்த்தை இல்லாமல் அப்படிச் சொன்னேன். அவர் உள்ளே வைக்க மாத்திரை கொடுத்தார். கிருமிநாசினி கலந்த தண்ணீரில் காலையும் மாலையும் கழுவச் சொன்னார். கழுவக் கழுவ எரிச்சல் கூடியது. சுத்தம் போதவில்லை என்று நினைத்து சோப்பை அழுத்தித் தேய்த்தேன். சிறுநீர் போகும்போது கண்ணில் நீர் வந்துவிடும்.

அடுத்தது சூடு. இளநீர், வெந்தயம், மோர், வெள்ளரி எல்லாம் ஆயிற்று. தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். தினமும் வைத்தேன். எண்ணெய் வைக்க வேண்டிய இடத்துக்கு ஒரு சாண் மேலே நான்கு வருடம் வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்று இன்று நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அன்று சிரிப்பு வரவில்லை.

இனிச் சொல்லப்போவது கஷ்டமான பகுதி. இதை விட்டுவிட்டு எழுதினால் எழுதவே வேண்டியதில்லை.

கணவர் நெருங்கும்போது உயிர் போகிற மாதிரி வலித்தது. உலர்ந்த தோலில் உப்புக் காகிதத்தை வைத்துத் தேய்ப்பதுபோல இருக்கும். மறுநாள் உள்பாவாடையில் ரத்தத் துளி இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு சிலநாள் பொறுத்தேன். பிறகு உடம்பு தானாகவே இறுகிக்கொண்டது. அவர் கை மேலே பட்டாலே தொடை இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

அவர் ஒரு தடவைகூட ஏன் என்று கேட்டதில்லை. "உனக்கு மனசு இல்ல" என்றார். முதலில் வருத்தமாகச் சொன்னார், பிறகு கோபமாகச் சொன்னார். அப்புறம் சாப்பாட்டில் உப்பு இல்லை என்பதுபோல, எதற்கெடுத்தாலும் சாதாரணமாக அதைச் சொல்ல ஆரம்பித்தார். படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அம்சவேணி அண்ணி வந்தார். காபியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"புருஷன் பட்டறையில படுத்துகினு கீறான். நாலு பேர் கேக்கறாங்க, நான் இன்னா சொல்றது?"

"எனக்கு எரியுது அண்ணி. முடியல."

"எரியுதாம். எல்லாருந்தான் ஆப்ரேசன் பண்ணிக்கினாங்க. உனக்கு மட்டும் மனசு கல்லாப் பூட்ச்சி. அத்த சொல்லு."

நான் அழுதேன். அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. அவர் சொன்னதை நம்பினேன். கணவர் மேல் எனக்குப் பிரியம் செத்துவிட்டது, அதனால்தான் உடம்பு இப்படி நடந்துகொள்கிறது என்று என்னையே குற்றவாளி ஆக்கிக்கொண்டேன். எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றுதான். கெட்டுப்போனது என் உடம்பா, என் மனசா? நான்கு வருடம் மனசு என்றே தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன்.

இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. எனக்குச் சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வந்ததால் ஊர் டாக்டர் வேலூரில் ஒரு பெண் மருத்துவருக்குக் கடிதம் கொடுத்தார். பழைய காகிதங்களை எல்லாம் எடுத்துப்போகச் சொன்னார். முகூர்த்த மாதம் என்பதால் பட்டறையில் வேலை நெட்டி முறித்தது. "ஜல்தியா போய்ட்டு வந்துடு" என்றார் கணவர். பீரோவில் புடவைகளுக்கு அடியில் கிடந்த ஆப்ரேஷன் பைலை எடுத்துக்கொண்டு கண்ணமங்கலம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினேன். இடம் இருந்தும் பாதி தூரம் நின்றுகொண்டே போனேன்.

அந்த பைலை அதுவரை நான் பிரித்ததில்லை. அந்த நர்சிங் ஹோமில் காகிதங்கள் எல்லாவற்றையும் கட்டி நம் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். "எல்லாம் இங்கிலீஷு. நாம இன்னாத்த படிக்கறது?" என்று கணவர் சொல்லியிருந்தார். நான் பத்தாவது வரை படித்தவள், தமிழில்.

மருத்துவருக்கு ஐம்பது வயதிருக்கும். கறாரான முகம்.

"என்ன பண்ணுது?"

"வெள்ளைங்க. எரிச்சல்."

பரிசோதித்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார். "வெள்ளையா? ஒரு துளி ஈரம்கூட இல்லையேம்மா. தோல் காகிதம் மாதிரி மெலிஞ்சு போயிருக்கு. இதோட எப்படி உட்கார்றீங்க?"

எப்படி உட்கார்கிறாய் என்று நான்கு வருடத்தில் முதல்முறையாக ஒருவர் கேட்டார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

அவர் பைலைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார். "ரெண்டு ஓவரியும் எடுத்திருக்காங்களே. தெரியாதா?"

"கர்ப்பப்பை மட்டும்தாங்க."

"இல்லம்மா. சினைப்பையும் சேர்த்து எடுத்திருக்காங்க. இதோ, தமிழ்லயே எழுதியிருக்கே, படிங்க." பைலை என் பக்கம் திருப்பி வைத்தார்.

சினைப்பை (கருமுட்டை உண்டாகும் உறுப்பு, பெண்ணுக்கான ஹார்மோன், அதாவது ரத்தத்தில் கலந்து வேலை செய்யும் சுரப்புநீர், பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது) இரண்டும் எனக்கு இல்லை. அறுவை சிகிச்சை நடக்கும்போதே சினைப்பைகளில் நீர்க்கட்டி இருப்பதைப் பார்த்து, வெளியே வந்து கணவரிடம் கேட்டிருக்கிறார்கள். ஒரு நர்ஸின் குண்டு குண்டுக் கையெழுத்தில் நீல மையில் இருந்தது: இரண்டு சினைப்பைகளும் எடுக்கப்படும். மாதவிடாய் நின்றவர்களுக்கு வருவதுபோல உடற்சூடு, வியர்வை, பிறப்புறுப்பு வறட்சி வரக்கூடும் என்று விளக்கிச் சொல்லப்பட்டது. சம்மதிக்கிறேன்.

அடியில் என் கணவரின் கையெழுத்து. சாட்சியாக, ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக நிறுத்தி, 'அம்சவேணி'.

வறட்சி. நான் மருந்துக்கடையிலும், தண்ணீர்க் குழாயடியிலும், கோயில் வாசலிலும் தேடிக் கிடைக்காத சொல் அதுதான். தமிழில்தான் எழுதியிருந்தது. என் பீரோவில், என் கல்யாணப் புடவைக்கு அடியில், என் புருஷன் கையெழுத்துக்கு மேலே இருந்திருக்கிறது.

அந்த நர்சிங் ஹோம் டாக்டர் மேலும் எனக்குக் கோபம் உண்டு. தையல் பிரிக்கப் போனபோது "சௌக்கியமா?" என்று கேட்டாரே தவிர வாயைத் திறக்கவில்லை. உடம்பு என்னுடையது, விளக்கம் மட்டும் என் கணவருக்கு. ஆனால் டாக்டர் என் வீட்டில் சாப்பிட்டவரில்லை. மனசு இல்லை என்று சொன்னவரும் இல்லை.

வேலூர் மருத்துவர் தண்ணீர் கொடுத்தார். நான் அழுது முடிக்கும்வரை பைலில் மீதிக் காகிதங்களைப் படித்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "பொதுவா இதுக்கு ஹார்மோன் கொடுப்போம். உங்களுக்குக் கால்ல ரத்தக்கட்டு வந்திருக்கு. நான் எழுத மாட்டேன். அது இல்லாமலே இதைச் சரிக்கட்டலாம். ஆனா நாள் பிடிக்கும், அவசரப்படக் கூடாது." எல்லாப் பெண்களுக்கும் இதே பதில் இல்லை. உங்கள் உடம்புக்கு எது என்று உங்கள் மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள்.

முதல் உத்தரவு சோப்பைப் பற்றியது. "கிருமிநாசினி, சோப்பு, வாசனைப் பவுடர் எதுவும் அந்தப் பக்கம் போகக் கூடாது. வெறும் தண்ணி போதும்." எனக்கு அது உடனே புரிந்தது. கச்சாப் பட்டு நூலின் மேல் இயற்கையாக ஒரு பசை இருக்கும். சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் முக்கி அந்தப் பசையை எடுத்துவிட்டுத்தான் சாயம் ஏற்றுவோம். அதே வேலையை நான்கு வருடமாகத் தினம் இரண்டு வேளை என் உடம்புக்கும் செய்திருக்கிறேன். சோப்பு என்ன செய்யும் என்று ஆரணியில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யார் இருக்க முடியும்? அந்த அறிவு உள்பாவாடைக்குள் மட்டும் வேலை செய்யவில்லை.

பிறகு ஈரப்பூச்சு ஜெல்லி. தண்ணீர் சார்ந்தது, வாசனை இல்லாதது, குழாயில் வரும். வாரத்துக்கு மூன்று நாள் யோனிப் பாதையின் (குழந்தை வெளிவரும் வழி) உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும். கணவன் மனைவி சேர்வதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. "முகத்துக்கு க்ரீம் போடுற மாதிரிதான். இது உங்க வீட்டுக்காரருக்காக இல்ல. நீங்க உட்கார, நடக்க, எரியாம ஒண்ணுக்குப் போக" என்றார். சேரும்போது பயன்படுத்த வழுக்கு ஜெல்லி தனி. வெளித்தோலுக்குச் சுத்தமான தேங்காய் எண்ணெய் தடவலாம் என்றார். ஆணுறை பயன்படுத்துகிறவர்கள் எண்ணெயைத் தொடக் கூடாது, ரப்பர் கிழிந்துவிடும். பருத்தி உள்ளாடை, நிறையத் தண்ணீர். ரத்தம் பட்டால் தள்ளிப்போடாமல் வந்து காட்டச் சொன்னார்.

இறுகிக்கொள்ளும் தசைக்கு மூச்சுப் பயிற்சி சொல்லித் தந்தார். மூச்சை மெல்ல விட்டுக்கொண்டே அடிவயிற்றையும் தொடையையும் தளர்த்த வேண்டும். "வலிக்கும்னு எதிர்பார்த்தே உடம்பு கதவைச் சாத்திக்குது. அது கல் மனசு இல்ல, காவல்" என்றார். கல் மனசு என்ற பேச்சை நான் அவரிடம் எடுக்கவே இல்லை. இதற்கு முன் எத்தனை பேரிடம் அவர் அதைக் கேட்டிருக்க வேண்டும்!

பஸ்ஸை விட்டு இறங்கி நேரே பட்டறைக்குப் போனேன். பிற்பகல் மூன்று மணி இருக்கும். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். கணவர் முழங்கைவரை அரக்குச் சாயத்தோடு தொட்டியருகே நின்றிருந்தார். பைலைப் பிரித்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன்.

"இது உங்க கையெழுத்துதானே?"

துண்டில் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "சொன்னா நீ ஒடஞ்சி பூடுவேன்னு அக்காதான் சொல்லிச்சி. அப்பாலிக்கா சொல்லிக்கலாம்னு..."

"அது கெடக்கட்டும். எனக்கு மனசு இல்லன்னு நாலு வருசமா சொன்னீங்களே, இத்தத் தெரிஞ்சிகினே சொன்னீங்களா, மறந்துட்டுச் சொன்னீங்களா?"

துண்டைத் தொட்டி விளிம்பில் போட்டார். "மறந்துட்டேன் மல்லிகா" என்றார்.

மறந்தது உண்மை என்றால், என்னிடமிருந்து இரண்டு உறுப்புகளை எடுக்கச் சம்மதித்தது அவருக்கு அவ்வளவு சின்ன விஷயம். பொய் என்றால், தெரிந்துகொண்டே என்னை அழவிட்டிருக்கிறார். இரண்டில் எது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தால் எனக்கு நிம்மதி என்பதும் தெரியாது.

அண்ணியிடமும் கேட்டேன். "ஒன் நல்லதுக்குத்தான் மறைச்சோம்" என்றார். "அப்ப கல்லு மனசுன்னு சொன்னது யாரு நல்லதுக்கு?" என்றேன். வேலியே பயிரை மேய்ந்தால் வேலியிடம் போய் என்ன வழக்காடுவது? அதன்பிறகு அவர் வந்தால் காபி கொடுப்பேன், பேச்சு கொடுப்பதில்லை.

சிகிச்சையில் அதிசயம் எதுவும் நடக்கவில்லை. முதல் இரண்டு வாரம் ஒரு வித்தியாசமும் தெரியாமல், குழாயைத் தூக்கி எறிந்துவிடலாமா என்று இருந்தது. மூன்றாவது வாரத்தில் சிறுநீர் எரிச்சல் குறைந்தது. இரண்டு மாதம் ஆனபோது வந்தவாசியில் ஒரு கல்யாணத்துக்குப் போய், முகூர்த்தம் முடியும்வரை பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் தாலி கட்டுவதைப் பார்த்தார்கள். நான் உட்கார்ந்திருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடுவில் ஒருநாள் கணவர் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றை அலமாரியில் வைத்தார். வேலூர் போனபோது அதே ஜெல்லியை வாங்கி வந்திருக்கிறார். கடையில் கேட்கவே கூச்சமாக இருந்ததாம். கொஞ்சம் தயங்கி, "இப்ப சரியாயிட்ச்சா?" என்றார்.

"எனக்கு சரியாயிட்ச்சி" என்றேன்.

அடுத்த வார்த்தைக்காக நின்று பார்த்தார். நான் அரிசி களையப் போய்விட்டேன். பழிவாங்குவதற்காக அப்படிச் செய்யவில்லை. என் உடம்பு எனக்குச் சரியாகி இருப்பதைக் கொஞ்ச நாள் நான் தனியாக வைத்துக்கொள்ள விரும்பினேன்.

எனக்கு இப்போது இரண்டு வயதுகள் இருக்கின்றன. ரேஷன் அட்டையில் இருப்பது ஒன்று. மயக்கத்தில் இருந்த ஒரே காலை நேரத்தில் பத்துப் பதினைந்து வருடம் முன்னே போய்விட்ட உடம்பின் வயது இன்னொன்று. நான் பின்னால் ஓடிப்போய் அதைப் பிடிக்க வேண்டியிருந்தது. நாம் எந்த வயதில் நிற்கிறோம் என்று யாராவது சொல்லியிருந்தால் அந்த ஓட்டம் இவ்வளவு வலித்திருக்காது.

அந்த வருடம் ஐப்பசியில் அடைமழை. நூல் காயாது என்பதால் பட்டறைக்கு நான்கு நாள் விடுமுறை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு மத்தியானம், நானாகத்தான் அவரைக் கூப்பிட்டேன். மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. என் உடம்பில் என்ன மிச்சம் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஜெல்லி இருந்தது, மூச்சுப் பயிற்சி இருந்தது, அவசரம் இல்லை. உடம்பு கதவைச் சாத்தவில்லை.

"வலிக்குதா?" என்று கேட்டார்.

இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. ஒரே ஒரு வார்த்தை. கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? அன்றைக்கே கேட்டிருந்தால் ஆமாம் என்றிருப்பேன். ஆமாம் என்றிருந்தால் அவருக்கு அந்த பைல் ஞாபகம் வந்திருக்கும்.

"இல்ல" என்றேன். உண்மையிலேயே வலிக்கவில்லை. ஆனால் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

அவர் பயந்து எழுந்து உட்கார்ந்தார். "வலிக்கலன்னு சொன்னியே, அப்பறம் ஏன் அழுவற?"

"இப்ப வலிக்கல" என்றேன்.